கேம் டிஸ்க்கை இரவல் கொடுத்தேன், கீறலோடு வந்தது. காசு கேட்கலாமா?

கேள்வி, 2 ஆகஸ்ட் 2025

பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம் டிஸ்க் ஒன்றை நண்பனுக்கு இரவல் கொடுத்தேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பழக்கம். திரும்பி வந்தபோது அடியில் வட்டமாக ஒரு கீறல், கேம் பாதி லோடாகி நின்றுவிடுகிறது. கேட்டால் "நான் ஒன்றுமே செய்யவில்லை, நீ கொடுக்கும்போதே இருந்திருக்கும்" என்கிறான். இல்லவே இல்லை, கொடுப்பதற்கு முந்தின நாள் வரை நான் விளையாடிக்கொண்டிருந்த டிஸ்க் அது. வேறு வாங்கித் தரச் சொல்லலாமா, நட்புக்காக விட்டுவிடலாமா? அனுபவப்பட்ட அண்ணன்கள் சொல்லுங்கள்.

பதில், 2 ஆகஸ்ட், இரவு

தம்பி, வட்டம் என்றால் எப்படிப்பட்ட வட்டம்? மையத்தைச் சுற்றிக் காம்பஸ் வைத்துப் போட்டது போல ஒரே சீரான வளையமா, இல்லை அங்கொன்றும் இங்கொன்றுமாக வளைந்த கோடுகளா? சீரான வளையம் என்றால் வாக்குவாதமே தேவையில்லை. கை தவறி விழுந்தால் அப்படிக் கீறாது, உறையில் உரசினாலும் கீறாது. டிஸ்க் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும்போது கன்சோல், அதாவது அந்த கேம் பெட்டி, அசைந்திருக்கிறது. நிற்க வைத்ததைப் படுக்கப் போடுவது, பின்னால் ஒயரைச் செருக இழுப்பது, இவ்வளவு போதும். வேகமாகச் சுழலும் டிஸ்க் தன் தளத்தை விட்டுச் சாய மறுக்கும், பெட்டி மட்டும் சாயும், லென்ஸ் இருக்கும் பகுதி டிஸ்க்கின் அடியில் போய் உரசும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். டிஸ்க் உள்ளே இருக்கும்போது நகர்த்தாதீர்கள் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது, கையேட்டை யார் பிரித்தார்கள்.

ஆகவே உன் நண்பன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. டிஸ்க்கை அவன் ஒன்றும் செய்யவில்லை, அது உண்மைதான். கன்சோலை எதோ செய்திருக்கிறான், அல்லது அவன் வீட்டில் யாரோ செய்திருக்கிறார்கள். "டிஸ்க்கை என்னடா பண்ணினாய்" என்று ஆரம்பித்தால் அவன் உடனே சத்தியம் செய்யத் தொடங்கிவிடுவான். "விளையாடும்போது கன்சோல் நகர்ந்ததா" என்று கேள், அவனே யோசிப்பான்.

காசு? கேள். அதில் என்ன கூச்சம்.

3 ஆகஸ்ட்

எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருந்தாய். ஜன்னல் வெளிச்சத்தில் டிஸ்க்கைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுற்று. கீறல் மையத்திலிருந்து அதே தூரத்தில் அசையாமல் நின்றால் வளையம். உள்ளேயும் வெளியேயும் அலைந்தால் வேறு கதை. அப்புறம் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார், மாட்டினால் ஆழமான கீறல்.

3 ஆகஸ்ட், இன்னும் கொஞ்சம்

"என் டிஸ்க்கில் இதைவிடப் பத்து மடங்கு கீறல், இன்னும் ஓடுகிறதே" என்று ஒருவர் மார்தட்டியிருக்கிறார். ஓடும் ஐயா. எத்தனை கீறல் என்பதைவிட எந்தத் திசையில் என்பதுதான் பேச்சு. டிஸ்க்கில் தகவல் ஒரு சுருளாக, சுற்றிச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது, லேசர் அந்தச் சுற்றின் வழியே போகிறது. மையத்திலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியைத்தான் கெடுக்கும், அந்தத் துளியை அக்கம்பக்கத்துத் தகவலிலிருந்து கணக்குப் போட்டு மீட்கும் ஏற்பாடு டிஸ்க்கிலேயே உண்டு. ரீட் சாலமன் முறை என்று பெயர். சாதாரண சிடியில் தடத்தின் போக்கிலேயே ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து பழுதானாலும் சமாளித்துவிடும். டிவிடி இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் சுற்றின் போக்கிலேயே போகும் வளையக் கீறல் நீளமாக ஒரே துண்டை விழுங்கிவிடுகிறது, மீட்பதற்குப் பக்கத்தில் ஒன்றும் மிஞ்சாது.

டிஸ்க்கைத் துடைக்கும்போது மையத்திலிருந்து வெளியே நேராகத் துடைக்கச் சொல்வதும் இதனால்தான். பனியன் துணியை எடுத்துக்கொண்டு வட்ட வட்டமாகத் தேய்க்கிறார்கள் பார், அந்த அன்பைத்தான் தாங்க முடியாது.

5 ஆகஸ்ட்

அடிப்பக்கக் கீறலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சிடியில் ஆபத்தான பக்கம் மேல்பக்கம். படம் அச்சடித்த பக்கம். சிடியின் 1.2 மில்லிமீட்டர் தடிமனில் தகவல் அடுக்கு மேலே, அந்தப் படத்துக்கும் மெல்லிய வார்னிஷுக்கும் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிவிடியில் நடுவில், இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு இடையில். புளூரேயில் அடிப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டரில், அதனால்தான் அதன் மேல் கடினமான ஒரு பூச்சு போட்டிருக்கிறார்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பால்பாயின்ட் பேனாவால். முதல் பிளேஸ்டேஷன் காலம், அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் அந்த டிஸ்க்குகள். நண்பன் ஒருவன் இரவல் வாங்கிப்போனான். நல்லவன், பொறுப்பானவன், அதுதான் சிக்கலே. அவன் வீட்டில் ஏகப்பட்ட பேர், டிஸ்க் யாரிடமாவது போய்விடக் கூடாது என்று மேல்பக்கத்தில் என் பெயரை அழுத்தி எழுதிவைத்தான். தன் பெயரை அல்ல, என் பெயரை. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பெருமை வேறு. கேம் ஆரம்பத்தில் வரும் படக்காட்சி வரை வந்து அங்கேயே திக்கித் திக்கி நின்றது. அடிப்பக்கம் கண்ணாடி போலச் சுத்தம். எதுவும் புரியாமல் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தபோது கறுப்பு டிஸ்க்குக்குள்ளே என் பெயரின் இரண்டு எழுத்துகள் ஒளிக்கோடாகத் தெரிந்தன. பேனா முனை தகவல் அடுக்கைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது.

அவனிடம் நான் காசு கேட்கவில்லை. என்னவென்று கேட்பது, என் பெயரை ஏன் இவ்வளவு அழகாக எழுதினாய் என்றா.

6 ஆகஸ்ட்

பற்பசை வைத்துத் தேய்க்கலாமா என்ற கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது. சிடி, டிவிடியின் அடிப்பக்க மேலோட்டக் கீறலுக்குச் சில சமயம் வேலை செய்யும். பற்பசை ஒரு மென்மையான உரசுபொருள், கீறலின் ஓரங்களை மழுக்கிவிடும். புளூரேயில் கை வைக்காதே, அந்தக் கடினப் பூச்சுதான் அதன் காவல், அதை நீயே தேய்த்து எடுப்பாய். நகம் மாட்டும் ஆழம் என்றால் எதற்குமே பற்பசை உதவாது. டிவிடியாக இருந்தால் மெருகேற்றும் மெஷின் வைத்திருக்கும் ஆளிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

9 ஆகஸ்ட்

"கடன் அன்பை முறிக்கும், யாருக்கும் எதையும் கொடுக்காதே, தீர்ந்தது" என்று மேலே ஒரு பெரியவர். கொடுக்காமல் இருந்தால் எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் பாதி கேம்களைப் பார்த்தே இருக்க மாட்டோம். நான் வைத்திருக்கும் கணக்கு வேறு. பொருள் தேய்ந்து வந்தால் அது கொடுத்தவன் தலையில். கவனமில்லாமல் உடைந்து வந்தால் அது வாங்கியவன் தலையில். சண்டை வருவது முக்கால்வாசி இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான்.

கன்ட்ரோலரின் குச்சியை எடுத்துக்கொள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் குச்சிக்கு அடியில் ஒரு கரிப்பூச்சுத் தடம், அதன் மேல் ஒரு சின்ன உலோகத் தகடு உரசிக்கொண்டே போகும். உரச உரசத் தேயும். ஒருநாள் நீ தொடாமலேயே கேமில் உன் பாத்திரம் இடதுபக்கம் நடக்க ஆரம்பிக்கும். அது நண்பன் வீட்டில் இருந்த வாரத்தில் ஆரம்பித்தால் அவன் குற்றவாளியா? அதற்கு முன் வருஷக்கணக்கில் தேய்த்தது நீ. ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்கான் கன்ட்ரோலர் விஷயத்தில் 2020இல் அதைத் தயாரிக்கும் நின்டென்டோவின் தலைவரே முதலீட்டாளர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த வகைக் கோளாறுக்கு நண்பன் சட்டையைப் பிடிப்பது நியாயமில்லை. காந்தத்தை வைத்து இயங்கும் ஹால் சென்சர் குச்சிகளில் உரசும் பாகம் இல்லை, அடிக்கடி இரவல் கொடுக்கிற ஆளாக இருந்தால் அப்படி ஒன்றை வாங்கிவைத்துக்கொள்.

நின்டென்டோ 64 என்ற பழைய கன்சோலின் குச்சி இதைவிடக் கொடுமை. உள்ளே பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசி அடியில் வெள்ளைத் தூள் சேரும். 1998இல் வந்த மாரியோ பார்ட்டியில் குச்சியை முடிந்த வேகத்தில் சுழற்ற வேண்டிய சின்னச் சின்னப் போட்டிகள் உண்டு, பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துச் சுழற்றித் தோல் உரிந்து, கடைசியில் 2000இல் நியூயார்க் அரசுத் தரப்போடு சமரசமாகி நிறுவனம் கையுறை கொடுக்க ஒப்புக்கொண்டது. கைக்குக் கையுறை கிடைத்தது. கன்ட்ரோலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த கேமை மட்டும் யாராவது "உன் கன்ட்ரோலரையும் சேர்த்துக் கொடு" என்று கேட்டால் நான் இன்றும் யோசிப்பேன்.

9 ஆகஸ்ட், தூங்கும் முன்

மேலே எழுதிய கணக்கை வைத்துத் தம்பியின் வளையத்தைப் பார்த்தால் அது கவனக்குறைவுப் பக்கம் விழுகிறது. ஆனால் முழுசாக அப்படியும் அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் இதே 360 கீறலுக்காக, சாதாரணமாகப் பயன்படுத்தும்போதே கீறுகிறது, டிரைவின் வடிவமைப்பே கோளாறு என்று வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். தயாரித்த மைக்ரோசாஃப்ட் நிறுவனம், கன்சோலை நகர்த்தியதுதான் காரணம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2017இல் தீர்ப்பு. அங்கேயும் கீறலுக்கு யார் பொறுப்பு என்று பேசவில்லை, இந்தக் கட்டத்தில் மேல்முறையீடு செய்ய முடியுமா என்ற நடைமுறைச் சிக்கலை மட்டும் முடித்துவைத்தார்கள், நிறுவனத்தின் பக்கம்.

ஆகவே தம்பி, முழுக் காசையும் கேட்காமல் பாதிப் பாதி என்று பேசிப் பார். அவன் ஒத்துக்கொள்ள ஒரு வழி விட்டது மாதிரியும் இருக்கும்.

14 ஆகஸ்ட்

டிஸ்க், கன்ட்ரோலர் எல்லாம் போனால் போகட்டும், வேறு வாங்கலாம். விளையாடிய வரை சேமித்துவைத்த சேவ் போனால்?

பிஎஸ் 1, அதாவது அந்த முதல் பிளேஸ்டேஷனின் மெமரி கார்டில் மொத்தம் 128 கிலோபைட். பயனர் கைக்கு வருவது 15 கட்டங்கள். சில கேம் ஒரு கட்டம் கேட்கும், சில கேம் ஆனைப்பசியோடு வரும். பெரியம்மா பையன், எனக்கு அண்ணன் முறை, விடுமுறைக்கு வந்தவன் "கேமோடு கார்டையும் கொடுடா, ஊருக்குப் போனதும் அனுப்பிவிடுகிறேன்" என்றான். அண்ணன் ஆயிற்றே. அங்கே போய்க் கால்பந்து கேமைச் சேவ் செய்ய இடம் போதவில்லை. எது தேவையில்லாததாகத் தெரிந்ததோ அதை அழித்தான். எல்லாவற்றிலும் பெரிதாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது எதுவோ அதுதான் அவன் கண்ணுக்குத் தேவையில்லாததாகத் தெரிந்தது, அது கோடை முழுக்க நான் வளர்த்த கேம். கார்டு வந்து சேர்ந்தபோது அந்தக் கட்டங்களில் ஒரு குட்டிப் பந்து சுழன்றுகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொலைபேசியில் "அந்தக் கத்தி வைத்திருந்த ஆள் போட்ட கேமை நீ முடித்துவிட்டாய்தானே?" என்கிறான்.

உடைந்த பொருளுக்கு விலை சொல்லலாம். இதற்கு என்ன விலை சொல்வது? அவனிடம் நான் கொஞ்ச காலம் பேசவில்லை, அம்மா தலையிட்டுத்தான் பேச வைத்தார்.

கேசட் காலத்தில் இது இன்னும் மோசம். போகிமானின் பழைய கேம்பாய் கேசட்டில் சேவ் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கேசட்டுக்குள்ளேயே. இரவல் வாங்கியவன் முதலிலிருந்து ஆரம்பித்துச் சேவ் செய்தால் உன்னுடையது காலி. கொடுப்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும், "சேவ் பண்ணாமல் விளையாடுகிறேன்" என்று வாக்குக் கொடுப்பான். அந்த வாக்கை யார் காப்பாற்றியிருக்கிறார்கள். ஸ்விட்ச் கார்டில் இந்தத் தொல்லை இல்லை, சேவ் கன்சோலில் இருக்கும், கார்டை யாருக்கு வேண்டுமானாலும் தைரியமாகக் கொடு. குழந்தைகள் வாயில் போட்டால்கூடத் துப்பிவிடும்படி கசப்பு மருந்து தடவித்தான் அனுப்புகிறார்கள். நக்கிப் பார்க்க வேண்டாம், நான் பார்த்தாயிற்று.

15 ஆகஸ்ட்

நேற்றைய கேசட் பேச்சுக்கு ஒரு வாசகி சரியான திருத்தம் சொல்லியிருக்கிறார். பழைய கேசட்டில் சேவ் காணாமல் போனால் எப்போதும் இரவல் வாங்கியவன் அழித்ததாக இருக்காது. உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது, சேவ் அதன் உயிரில்தான் நிற்கிறது. கோல்டு, சில்வர் போகிமானில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் இன்னும் சீக்கிரம் தீரும். பரணில் கிடந்த கேசட்டை எடுத்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு "அழித்துவிட்டாளே" என்று குதித்தவர்கள், கொஞ்சம் பேட்டரியையும் பாருங்கள்.

கேசட் ஓடவில்லை என்றால் ஊதுகிறவர்களுக்கு: ஊதினால் எச்சில் ஈரம் முனைகளில் படிந்து நாளடைவில் அரிக்கும். ஓடுவது ஊதியதால் அல்ல, எடுத்துத் திரும்பச் செருகியதால். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சி போதும்.

23 ஆகஸ்ட்

முழுக் கன்சோலையும் கொடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். என் பதில், ஒருநாள் கூத்துக்கு நீயும் கூடவே போவதாக இருந்தால் கொடு. நீ இல்லாத வீட்டுக்கு அனுப்பாதே.

காரணம் கரப்பான். சிரிக்க வேண்டாம். கன்சோலுக்குள்ளே கதகதப்பு, இருட்டு, காற்றுக்கு இடைவெளி, ஆள் கை படாத மூலைகள். குடியிருக்க இதைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்? பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் மாடல்களில் சூடு இன்னும் அதிகம். பழுது பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிஎஸ் 4ஐத் திறந்து கரப்பான் குடும்பத்தைப் பார்க்காத ஆள் அபூர்வம். என் கன்சோல் ஒன்று நண்பன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தது. ஆன் செய்ததும் ஃபேனிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கும் பழைய அட்டைப்பெட்டியும் கலந்த ஒரு வாடை. குனிந்து பார்த்தால் பக்கவாட்டுக் கம்பிவலைக்கு வெளியே இரண்டு மீசை, காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கன்சோலை அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே வைத்தேன். பிறகு பிரித்தபோது பவர் போர்டின் மேல் முட்டைக்கூடு ஒட்டியிருந்தது, போர்டின் இரண்டு உலோகக் கால்களுக்கு நடுவே எரிந்துபோன கரப்பான் ஒன்று. நண்பனிடம் எப்படிச் சொல்வது? "உன் வீட்டில் கரப்பான்" என்று சொன்னால் அது அவன் அம்மாவைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். சொல்லவில்லை. அவன் வீட்டுக்குப் போகும்போது பையைத் தரையில் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் எச்டிஎம்ஐ துளை. கன்சோல் திரும்பி வந்தால் மேல்மூடியைத் துடைத்துப் பார்த்துத் திருப்தி அடைகிறோம், பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பதே இல்லை. உள்ளே 19 முனைகள். கேபிளோடு சேர்த்துக் கன்சோலை அலமாரியிலிருந்து இழுத்தால் ஒன்றிரண்டு வளையும், படம் வராது. துளையை மாற்ற போர்டில் சூடு காட்டிப் பழையதை எடுத்துப் புதிதை ஈயப்பற்று வைக்க வேண்டும், வீட்டில் செய்யும் வேலை இல்லை. இதெல்லாம் சந்தேகமே இல்லாமல் வாங்கியவன் கணக்கு.

கையடக்க மெஷினைக் கொடுத்தால் கெடு சொல்லிக் கொடு. மறந்துபோய் இழுப்பறையில் பேட்டரி இறங்கியபடியே மாசக்கணக்கில் கிடந்தால் லித்தியம் பேட்டரி உப்பிக்கொள்ளும். சோனியின் கையடக்க மெஷினான பிஎஸ்பி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், பின்மூடி தானாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். உப்பியதைச் சார்ஜ் போடாதே, அமுக்காதே.

24 ஆகஸ்ட்

சிரிப்பாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. இவர் தன் வீ ரிமோட்டை, அதாவது நின்டென்டோவின் வீ கன்சோலுக்குக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கையை வீசி ஆடும் ரிமோட்டை, நண்பனுக்குக் கொடுத்தாராம். நண்பன் பந்து வீசுகிற வேகத்தில் ரிமோட் கையை விட்டுப் பறந்து நண்பனின் சொந்த டிவியை உடைத்துவிட்டது. இப்போது நண்பன், "உன் ரிமோட்டின் கயிறு அறுந்ததால்தான்" என்று இவரிடம் நஷ்டஈடு கேட்கிறானாம்.

கேட்பதில் துளி நியாயம் இருக்கிறது, அதுதான் வேடிக்கை. 2006இல் வீ வந்த சில வாரங்களிலேயே கயிறு அறுகிறது என்று புகார், அந்த டிசம்பரில் ஏறத்தாழ 32 லட்சம் கயிறுகளை இலவசமாக மாற்றித் தர நின்டென்டோ முன்வந்தது, அடுத்த வருஷம் ரிமோட்டுக்கு ரப்பர் சட்டையும் மாட்டிவிட்டது. ஐயா, உங்கள் ரிமோட் மெல்லிய பழைய கயிறோடு இருக்கிறதா, தடித்த புதுக் கயிறோடா? பழையது என்றால் அவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆகுங்கள். புதியது என்றால் அந்தச் சாப்பாட்டை அவனை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

31 ஆகஸ்ட்

எல்லாவற்றையும் விட இக்கட்டானது, நண்பன் வீட்டில் இருக்கும்போது கன்சோல் தானாகச் செத்துப்போவது. கீறல் இல்லை, அடி இல்லை, தண்ணீர் இல்லை. ஆன் செய்தால் சிவப்பு விளக்கு. 360இன் ஆரம்ப காலத்தில் இது வீட்டுக்கு வீடு நடந்தது. கடைசியில் 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டியது, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது. இந்த அறிவிப்பு வருவதற்கு முன்னால் எத்தனை பேர், தான் செய்யாத தப்புக்கு நண்பனிடம் காசு எண்ணிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். கொடுத்த காசை யாராவது திருப்பி வாங்கியிருப்பார்களா? எனக்கென்னவோ சந்தேகம்தான்.

அதனால் தானாகச் செத்ததற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. "அப்படிச் சொன்னால் எல்லோரும் தானாகத்தான் செத்தது என்பார்களே" என்று ஒரு தம்பி. சொல்வார்கள். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் தம்பி. தண்ணீர் பட்டால் கறை இருக்கும், விழுந்தால் உள்ளே ஏதாவது ஒரு பிளாஸ்டிக் காது ஒடிந்திருக்கும்.

7 செப்டம்பர்

கேள்வி கேட்ட தம்பி வந்து சொல்லிவிட்டுப் போனதை மேலே பார்த்தேன். நண்பனின் அக்கா பெருக்கும்போது கன்சோலை நகர்த்தினாராம், ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. பாதிப் பாதி போட்டு வேறு டிஸ்க் வாங்கிவிட்டார்கள். நல்லது. சுழலும் டிஸ்க் ஏன் சாய மறுக்கும் என்று அக்காவிடம் யாரும் போய்க் கைரோஸ்கோப் பாடம் எடுக்க வேண்டாம்.

கீறல் விழுந்ததைத் தூக்கிப் போடாதே. ஹார்டு டிஸ்க் இருந்தால் புது டிஸ்க்கிலிருந்து கேமை அதில் ஏற்றிக்கொள். அதன்பின் டிஸ்க்கை உன்னிடம் இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் கேட்கும், சுற்றிக்கொண்டே இருக்காது. பழைய டிஸ்க் ஆரம்பத்தில் மட்டும் படித்தாலும் அந்த வேலைக்குப் போதுமா என்று முயன்று பார்.

20 செப்டம்பர்

"இனி எல்லாம் டவுன்லோடு, இரவல் தொல்லையே ஒழிந்தது" என்று ஒருவர். ஒழிந்தது தொல்லை மட்டுமா? 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு ஒரு விதி சொன்னது. டிஸ்க்கை நண்பனுக்குக் கொடுக்கலாம், ஆனால் ஒரு கேமை ஒரே ஒரு முறைதான், அதுவும் அவன் உன் நண்பர் பட்டியலில் 30 நாளாவது இருந்திருக்க வேண்டும். சோனி உடனே ஒரு குட்டி வீடியோ போட்டது, பிஎஸ் 4இல் கேமைப் பகிர்வது எப்படி என்று. ஒருவர் கேமை இன்னொருவர் கையில் கொடுக்கிறார், முடிந்தது. அதே மாதம் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விதியை வாபஸ் வாங்கியது.

இப்போது கணக்கைப் பகிர்கிறோம், அதில் கீறல் வேறு மாதிரி விழுகிறது. ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் 2024இல் வந்த குடும்பப் பகிர்வு வசதியான ஸ்டீம் ஃபேமிலிஸில் உன் கேமை வைத்து ஆடுகிற தம்பி ஏமாற்று மென்பொருள் போட்டுப் பிடிபட்டால் அந்த கேமில் தடை உனக்கும் சேர்த்துத்தான். தடையில் பாதிப் பாதி கிடையாது. கன்சோலை உன் கணக்கோடு கொடுத்தால் இன்னும் விசேஷம், அவன் மைக்கில் பேசுகிற பேச்சுக்கு நீ பதில் சொல்ல வேண்டும், உன் வங்கிக் கார்டில் அவன் பிள்ளைகள் கேமுக்குத் தோட்டா வாங்குவார்கள். கொடுக்கும் முன் கணக்கை வெளியேற்று, கார்டு விவரத்தை எடு.

12 அக்டோபர்

ஸ்விட்ச்சின் விர்ச்சுவல் கேம் கார்டைப் பற்றிக் கேட்டவருக்கு. 2025 ஏப்ரலில் வந்தது, நான் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். டவுன்லோடு செய்த கேமை உன் குடும்பக் குழுவில் இருப்பவருக்கு 14 நாள் இரவல் கொடுக்கலாம், கொடுக்கும்போது இரண்டு மெஷினும் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த நாள்களில் உன்னால் விளையாட முடியாது. கெடு முடிந்ததும் கேட்காமலேயே திரும்பி வந்துவிடும். இந்த வசதிக்காகவே அந்தப் பேனா நண்பனை என் குடும்பக் குழுவில் சேர்த்திருக்கிறேன், இனி அவனால் எதன் மேலும் எழுத முடியாது.

கேமின் கடைசிச் சண்டைக்கு முந்தின கட்டத்தில் அவன் இருக்கும்போது கெடு முடிந்து கேம் என்னிடம் வந்துவிட்டது. போன் போட்டு "ஏண்டா பிடுங்கிக்கொண்டாய், இரண்டு நாள் பொறுக்க முடியாதா" என்று திட்டுகிறான். நான் இல்லை, மெஷின்தான் என்றால் நம்பவில்லை. சரி, மெஷினைத் தூக்கிக்கொண்டு வா, மறுபடி தருகிறேன் என்றேன். சேவ் அவன் பக்கமே இருந்ததால் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டான்.